குடியை விட்டவர்கள் கூடும் இடத்தைத் தேடுவோம்



சம்பளம் போட்ட மறுநாள் காலையில் எங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள்தான். "ஐயா, அவரு நல்ல மனுசன்தான். குடிச்சாத்தான் வேற ஆளு. கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். நாங்களும் கூப்பிட்டுச் சொல்வோம். அவரும் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே தொட மாட்டேங்க" என்பார். அடுத்த சம்பளம் வரும். பழைய கதைதான்.

அவர் பொய் சொன்னாரா? இல்லை. சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார். ஆனால் குடிக்கு அடிமையாவது ஒரு நோய். நோய்க்கு வைத்தியமும் வேண்டும், துணையும் வேண்டும். அந்தத் துணையை எங்கே தேடுவது என்பதே இந்தப் பாடம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

நாங்களும் ஒருமுறை தவறு செய்திருக்கிறோம். பல வருடங்களாகத் தினமும் குடித்து வந்த ஒருவரிடம், "இன்றோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்கி வீட்டுக்கு அனுப்பினோம். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டாம் நாள் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, வலிப்பு வந்துவிட்டது. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். டாக்டர் ஏசியது அவரை அல்ல, எங்களைத்தான்.

நெடுநாள் குடித்தவரின் உடம்பு மதுசாரத்துக்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து புத்தி தடுமாறலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். இதைப் "பேய் பிடிச்சிருச்சு" என்று சொல்லி வீட்டில் வைத்திருந்தால் உயிரே போய்விடும். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே டிஸ்பென்சரியில் சொல்லி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுக்கத்துக்கு மருந்தும், விட்டமின் பி1 உம் அங்கே கொடுப்பார்கள்.

இன்னொன்று. குடியை நிறுத்தும் மருந்தென்று சொல்லி எதையும் அவருக்குத் தெரியாமல் கறியில் கலக்காதீர்கள். சில மருந்துகளின் மேல் குடித்தால் ஆபத்து.

இந்தக் கூட்டம் எப்படி வந்தது?

1935ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பில் என்பவர் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வியாபார விஷயமாக அக்ரன் நகரத்துக்குப் போனார். போன காரியம் கெட்டுப்போனது. மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று பயந்தார். அப்போது தன்னைப் போல் இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டுமென்று தேடினார். பொப் என்ற ஒரு டாக்டர் கிடைத்தார். குடியால் கெட்டுக்கொண்டிருந்தவர் அவர். இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசினார்கள். அந்த ஜூன் மாதத்தோடு டாக்டரும் குடியை விட்டார். இப்படித் தொடங்கியதுதான் 'ஏ.ஏ.' எனப்படும் அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்.

இங்கே கட்டணம் கிடையாது. சாதி, மதம், உத்தியோகம் கேட்பதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். யாரும் யாரையும் ஏசுவதில்லை. அங்கே பேசியது வெளியே போகக் கூடாது.

தேடுவது எப்படி?

1. அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் கேளுங்கள்.

2. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம்.

3. கொழும்புப் பக்கம் வேலைக்குப் போயிருப்பவர்களுக்குச் சுமித்ராயோ அமைப்பின் 'மெல் மெதுர' நிலையம் உண்டு.

4. கூட்டம் இருப்பது தெரிந்தால், எந்த நாள், எந்த மொழி, திரும்பி வர பஸ் உண்டா என்று விசாரியுங்கள். "திறந்த கூட்டமா?" என்றும் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் போகலாம். மற்றது குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். சொந்த டிவிசனில் பேச வெட்கப்படுபவர் டவுனில் நடக்கும் கூட்டத்துக்குப் போவது நல்லது.

பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால்? விட விரும்பும் இரண்டு பேர் இருந்தால் போதும். பில்லும் டாக்டரும் இரண்டு பேர்தானே! இடமும் நேரமும் நாங்கள் ஒழுங்கு செய்து தருவோம். பெயரைக் கொப்பியில் எழுத மாட்டோம்.

வீட்டாருக்கு

1951இல் குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனோன்' என்ற அமைப்பு உண்டானது. குடிப்பவர் வராவிட்டாலும் வீட்டார் துணை தேடலாம். அடி உதை இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே எங்களிடம் வாருங்கள். விட்டவர் ஒருநாள் வழுக்கி விழுந்தால், "எல்லாம் போச்சு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். மறுநாளே மறுபடி கூட்டத்துக்கு அனுப்புங்கள்.

வலிப்பு வந்த அந்த அண்ணன் இப்போது ஒவ்வொரு சம்பள நாள் மாலையிலும் எங்கள் அலுவலகத் திண்ணைக்கு வருகிறார். கூடவே இன்னொருவரும் வருகிறார். தவறணை மூடும் வரைக்கும் இரண்டு பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். திண்ணையில் இன்னும் இடம் இருக்கிறது.

வீட்டில் பேசிப் பாருங்கள்

• நம் வீட்டில் சம்பள நாள் மாலை எப்படிக் கழிகிறது?

• குடியை விட நினைக்கும் ஒருவருக்கு நாம் சொல்லும் முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும்?