இருபதாம் தேதிக்குள் கணக்கு காலி

கேள்வி: கோவையில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன். ஹாஸ்டல், மெஸ் கட்டணத்தை அப்பா தனியாகக் கட்டிவிடுகிறார். கைச்செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் அனுப்புவார். அரசுப் பள்ளியில் படித்ததால் தமிழ்ப் புதல்வன் பணம் 1,000 ரூபாயும் வருகிறது. ஆனாலும் இருபதாம் தேதிக்குள் கணக்கு காலி. ரூம்மேட் ஒரு ஆப்பில் 3,000 ரூபாய் கடன் வாங்கினான். ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டது. நானும் வாங்கலாமா? என் ஏடிஎம் கார்டைக் கொடுத்தால் மாதம் 5,000 தருவதாக ஒரு சீனியரும் சொல்கிறார்.
- ஒரு மாணவர், கோவை

பதில்: ரூம்மேட்டிடம் ஒன்று கேளுங்கள்: 3,000 ரூபாயில் கையில் வந்தது எவ்வளவு? இந்த மாதிரி ஆப்களில் பல, 'பிராசஸிங் ஃபீஸ்' என்று முதலிலேயே ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும். 2,550 வந்தது, பதினைந்து நாளில் 3,090 கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் 'வெறும் 3% வட்டி' என்றுதான் இருக்கும். ஆனால் அவர் கையில் வாங்கிய 2,550க்கு, பதினைந்து நாளில் கூடுதலாகக் கட்டுவது 540. மாதக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 42 ரூபாய்! ஊரில் பத்து வட்டிக்கு விடுகிறவரையே கந்துவட்டிக்காரர் என்கிறோம். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. இந்த ஆப் வட்டி அந்தப் பத்து வட்டியைப்போல நான்கு மடங்கு.

எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று கடன் தரும் முன்பே காட்ட வேண்டும், போனில் உள்ள கான்டாக்ட்ஸைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ல் விதி போட்டது. கான்டாக்ட்ஸுக்கு அனுமதி கேட்கிற ஆப்பை அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். தவணை தவறினால் போன் உங்கள் அத்தைக்கும் ஹெச்.ஓ.டி.க்கும் போகும். மிரட்டல் வந்தால் கூடுதல் பணம் கட்டாதீர்கள். சைபர் கிரைம் உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

சரி, பணம் எங்கே போகிறது? போன மாத ஜிபே ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். டீ, பப்ஸ், ஜெராக்ஸ், டவுன் பஸ் எல்லாம் சில்லறை. டீயை நிறுத்து என்று சொல்கிற நிபுணர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரும்பாலும் ஓட்டை விழுவது பிறந்தநாள் ட்ரீட், 'மச்சி நீ கொடு, அப்புறம் பிரிச்சுக்கலாம்' என்ற பில், இரவு பதினொரு மணி ஆர்டர் ஆகியவற்றில்தான். பிரிக்க வேண்டிய பணத்தை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். மறுநாள் கேட்டால் கஞ்சன் என்பார்கள். மறுவாரம் உங்களுக்கே மறந்துவிடும்.

4,000ஐ ஐந்தாகப் பிரித்தால் வாரத்துக்கு 800. திங்கள்கிழமை தோறும் யூபிஐ லைட்டில் 800 மட்டும் ஏற்றுங்கள். அது தானாக நிரம்பும் 'ஆட்டோ டாப்-அப்' வசதியை அணைத்துவிடுங்கள். லைட்டில் பணம் இருக்கும்வரை பின் நம்பர் தேவையில்லை. தீர்ந்ததும் பின் கேட்கும். வியாழக்கிழமையே கேட்டால், அந்த வாரம் எங்கோ கை நீண்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இருபதாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்ப் புதல்வன் பணம் வருகிற கணக்கை ஜிபேயில் இணைக்காதீர்கள். அந்த 1,000 தேர்வுக் கட்டணத்துக்கும் திடீர் ஊர்ப் பயணத்துக்கும் இருக்கட்டும். அது போதாமல் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அப்பாவிடம் கேளுங்கள். திட்டு விழும், வட்டி விழாது.

சீனியர் விஷயம்தான் இதில் ஆபத்தானது. படிக்கிற பையனின் கார்டுக்கு மாதம் 5,000 யார் தருவார்கள்? ஆன்லைன் மோசடியில் பறித்த பணத்தைக் கைமாற்றுகிற கும்பலுக்குத்தான் இப்படிக் கணக்கு தேவைப்படும். போலீஸ் இதை 'மியூல் அக்கவுன்ட்' என்கிறது. ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் கணக்கு முடங்கும், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் விசாரணை வரும். கார்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் சீனியரிடம் பேசிக்கொண்டிருக்காமல் இன்றே வங்கியை அழைத்து அதை பிளாக் செய்யுங்கள். அப்படியே கிளைக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.