துணிவும் திறனும்: தேசிய விருதுகளின் இரு முகங்கள்

குடியாட்சியில் பட்டங்களுக்கு இடமில்லை. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக வேறெந்தப் பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என்று அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு விதிக்கிறது. ஆயினும் அருஞ்செயல் புரிந்தோரைப் போற்றுவது சமுதாயத்தின் கடமையாகும். எனவே நம் நாடு பட்டங்களை விலக்கி, விருதுகளை ஏற்றுக்கொண்டது. பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல என்றும், அவற்றைப் பெயரோடு சேர்த்து வழங்கலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது.

தேசிய விருதுகளுள் திறனுக்கு உரியவை, துணிவுக்கு உரியவை என இரு வகைகளை இங்கு ஒப்பிடலாம்.

திறனுக்கு உரியவற்றுள் 1961-இல் தொடங்கப்பட்ட அர்ஜுனா விருது குறிப்பிடத்தக்கது. சதுரங்க ஆட்டக்காரர் மானுவல் ஆரோன் அதனை முதல் ஆண்டிலேயே பெற்றார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல் நிறுவப்பட்டது. 1991-92-இல் தோன்றிய கேல் ரத்னா விருதை முதலில் பெற்றவர் விசுவநாதன் ஆனந்த். 2021 முதல் அது மேஜர் தியான் சந்த் பெயரைத் தாங்கி நிற்கிறது.

துணிவுக்கு உரியவற்றுள், எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்திற்காகப் பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம் ஆகியவை 1950-இல் நிறுவப்பட்டன. போர்க்களத்திற்குப் புறத்தே காட்டும் வீரத்திற்காக 1952-இல் அசோக சக்கரம் மூன்று வகுப்புகளாக ஏற்பட்டது. அவையே 1967 முதல் அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் எனப் பெயர் பெற்றன. இவை குடிமக்களுக்கும் உரியவை. 1986 செப்டம்பர் 5-ஆம் நாள் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காக்க முனைந்து உயிர் நீத்த பணிப்பெண் நீரஜா பனோட்டுக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது.

நீரில் மூழ்குவோரையும், தீ, மின்சாரம், நிலச்சரிவு, சுரங்க விபத்து ஆகியவற்றில் சிக்கியோரையும் மீட்பவர்களுக்கு 1961-இல் ஜீவன் ரக்ஷா பதக்க வரிசை ஏற்படுத்தப்பட்டது. மீட்டவர் தாம் ஏற்ற ஆபத்தின் அளவுக்கேற்பச் சர்வோத்தம, உத்தம என்னும் அடைமொழிகளோடும், அடைமொழி இன்றியும் இப்பதக்கம் மூன்று படிகளாக அமைந்துள்ளது. இறந்தோர்க்கும் இது வழங்கப்படும். படையினர், காவலர், தீயணைப்போர் ஆகியோர் தம் கடமைக்கு அப்பாற்பட்டுச் செய்த செயலுக்கே இதனைப் பெறலாம்.

இவ்விரு வகைகளுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஆடுகளத்தில் நடுவர் இருக்கிறார். காலமும் தூரமும் அளக்கப்படுகின்றன. வெற்றி அப்பொழுதே பதிவாகிறது. வீராங்கனை ஒருவர் தம் பதக்கங்களைச் சுட்டிக்காட்டித் தமது தகுதியை நிறுவ இயலும். துணிவுக்கோ முன்னறிவிப்பு இல்லை; நடுவரும் இல்லை. கடத்தப்பட்ட விமானத்தில் நிகழ்ந்ததைக் கூறத் தப்பிப் பிழைத்தோர் பலர் இருந்தனர். சிற்றூர்க் குளத்தில் ஒரு குழந்தையை மீட்டு, தான் மூழ்கிப்போன கூலித் தொழிலாளிக்குக் கரையில் நின்ற ஓரிருவரே சாட்சி. அவருக்காக விண்ணப்பம் எழுத எவரும் முன்வராவிடில், அச்செயல் அவ்வூரோடு மறைந்துவிடும்.

ஆகவே இத்துறையில் அலுவலரின் பங்கு பெரிது. ஜீவன் ரக்ஷா பதக்கத்திற்கான பரிந்துரை மாநில அரசின் வழியே மத்திய உள்துறைக்குச் செல்கிறது. அப்பரிந்துரையின் வேர் கிராம அளவில் தயாராகும் முதல் அறிக்கையே. நிகழ்ந்த இடம், நேரம், ஆபத்தின் தன்மை, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றைக் காலந்தாழ்த்தாமல் பதிவு செய்தல் வேண்டும். மிகைப்படுத்துதல் தகாது; ஏனெனில் ஆபத்தின் அளவே பதக்கத்தின் படியை முடிவு செய்கிறது.

விருது உயிரை மீட்டுத் தராது. இழந்த குடும்பத்தின் வறுமையை முற்றும் போக்கவும் போக்காது. ஆயினும், அச்செயல் வீண்போகவில்லை என்று நாடு கூறும் சொல் அது. விளையாட்டில் வென்றவரை நாடு தானே அறிந்துகொள்ளும். துணிந்து பிறரைக் காத்தவரை நாடு அறிவது, அவரைக் கண்டவரும், கண்டதைக் கோப்பில் எழுதியவரும் தத்தம் கடமையைச் செய்தால் மட்டுமே.