மணி அடிக்கும்போது மாணவருக்கு என்ன வந்திருக்க வேண்டும்?

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகளுக்கு,

பாடக்குறிப்பேடு தலைமையாசிரியரின் கையெழுத்துக்காக எழுதப்படுவது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. அதை முதல் மாதத்திலேயே விட்டுவிடுங்கள். குறிப்பேட்டின் முதல் வரியான கற்றல் நோக்கம் தெளிவாக இருந்தால், எதைச் சொல்வது, எதை விடுவது, என்ன கேட்பது என்ற மூன்றுக்கும் அதுவே விடை தரும். என் அனுபவத்தில் பயன்பட்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தலைப்பை நோக்கமாக எழுதாதீர்கள். ‘பின்னங்கள்’ என்பது பாடத்தின் தலைப்பு. ‘பின்னங்களை விளக்குதல்’ என்பது உங்கள் வேலை. ‘இரண்டு பின்னங்களில் எது பெரியது என்று படம் வரைந்து காட்டுவார்கள்’ என்று எழுதினால்தான் நோக்கம். அந்த வாக்கியத்தில் வேலை செய்கிறவர் மாணவராக இருக்க வேண்டும்.

2. கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ முடிகிற செயலை எழுதுங்கள். ‘அறிவர்’, ‘உணர்வர்’ என்று எழுதிவிட்டால், நடந்ததா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் கற்றல் நோக்கங்களுக்கு 1956-இல் வகுத்த படிநிலைகளைப் பயிற்சிக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். 2001-இல் அவற்றைத் திருத்தியவர்கள் நினைவுகூர்தல் தொடங்கி உருவாக்குதல் வரை ஆறு படிகளையும் செயல்களாகவே பெயரிட்டார்கள். புரிதல் அவசியம்தான். புரிந்ததற்கு அடையாளம் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

3. எந்தச் சூழலில், எந்த அளவுக்கு என்று சொல்லுங்கள். இந்த இரண்டும் நோக்கத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962-லேயே வலியுறுத்தினார். ‘புத்தகத்தைப் பார்க்காமல்’, ‘வரைபடத்தின் துணையோடு’, ‘ஐந்தில் நான்கையாவது’ என்று இரண்டு மூன்று சொற்கள் போதும், நோக்கம் கூர்மையாகிவிடும்.

4. ஒரு பாடவேளைக்கு ஒரு நோக்கம் போதும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் வருகைப் பதிவும் வீட்டுப்பாடம் பார்ப்பதும் போக மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். அதில் நான்கு நோக்கங்களை அடைத்தால் ஒன்றும் நிற்காது.

5. கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஐந்தாம் வகுப்பில் 1/3 பெரியதா, 1/4 பெரியதா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றைவிட நான்கு பெரிது என்பதால் 1/4 என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நான்காகவும் மடிக்கச் சொன்னால் விடை கையிலேயே தெரிந்துவிடும். முடிவில் அதே 1/3, 1/4 பற்றிக் கேட்டால் நினைவைத்தான் சோதிக்கிறீர்கள். 1/6, 1/8 கொடுத்து, ஏன் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். மறுநாள் 2/3, 3/4 கொடுங்கள். ‘பகுதி பெரிதானால் பின்னம் சிறிது’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை 2/3 தான் பெரிது என்று தவறாகச் சொல்லும். அங்கே உங்கள் அடுத்த நோக்கம் கிடைத்துவிட்டது.

6. செயல்பாட்டை நோக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். விடுப்பு விண்ணப்பம் எழுத வைப்பது நோக்கமென்றால், கடிதத்தின் பகுதிகளைக் கரும்பலகையிலிருந்து படியெடுக்க வைப்பது போதாது. பிள்ளை சொந்தமாக ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். அழகான அட்டை, பாட்டு, விளையாட்டு எதுவானாலும் நோக்கத்துக்கு உதவாவிட்டால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

7. கற்றல் விளைவுகளை அப்படியே படியெடுக்காதீர்கள். தொடக்கநிலை வகுப்புகளுக்கு என்.சி.இ.ஆர்.டி. 2017-இல் வெளியிட்ட விளைவுகள் ஓர் ஆண்டுக்கானவை. அவற்றை ஒரு நாளைக்கு உரியதாகச் சிறிதாக்குவது உங்கள் பொறுப்பு. பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரித்தது இதற்காகத்தான். அரும்பில் உள்ள பிள்ளைக்கு இன்று எது ஒரு படி முன்னேற்றம் என்பதைத் தனியே எழுதுங்கள்.

8. நோக்கத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் பேசும் மொழியில். அவர்களே கண்டுபிடிக்க வேண்டிய பாடமென்றால் கேள்வியாகக் கேளுங்கள்: ‘ஒரே கடலைமிட்டாயை மூணு பேர் பங்கு போட்டா அதிகம் கிடைக்குமா, நாலு பேர் போட்டாலா?’

9. வகுப்பு முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, எங்கே தடுமாறினார்கள் என்று குறித்தால் போதும். பாதிப் பேருக்கு வரவில்லையென்றால் நாளையும் அதே நோக்கம்தான், வழியை மட்டும் மாற்றுங்கள். போர்ஷன் முடிக்க வேண்டுமே என்ற நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்கு வராத பாடம் முடிந்த பாடமாகாது.

டியூஷனுக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் உங்கள் பாடவேளையை மட்டுமே நம்பி வருகிறார்கள். அதில் என்ன கற்கப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது நாம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய அடிப்படை மரியாதை. இன்றிரவு நாளைய பாடக்குறிப்பை எடுத்து, முதல் வரியை மட்டும் ஒருமுறை திருத்தி எழுதிப் பாருங்கள்.