பல்கலைக்கழக விடுதி: பிள்ளையை எங்கே தங்க வைப்பது?

கடைக்கு இடம் பிடிக்கும்போது நாம் வாடகையை மட்டுமா கேட்கிறோம்? ஆள் நடமாட்டம் உண்டா, சரக்கு இறக்க வழி உண்டா, மழை பெய்தால் தண்ணீர் ஏறுமா என்று பத்து முறை போய்ப் பார்க்கிறோம். பெற்ற பிள்ளை தங்கிப் படிக்கும் இடத்தையோ, யாரோ சொன்னதைக் கேட்டு அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறோம். நாமும் அப்படித்தான் செய்தோம். அதனால் பட்டதை மறைக்காமல் சொல்லி, பிறகு கற்றுக்கொண்டதையும் எழுதுகிறோம்.

நம் மூத்த மகளுக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. "அத்தா, விடுதிக்கும் மனுப் போடட்டுமா?" என்று கேட்டாள். "வயதுப் பிள்ளை வெளியில் தங்குவதா? வீடு வாசல் இல்லாதவர்களா நாம்?" என்று ஒரே பேச்சில் மறுத்துவிட்டோம். நம் வீடு உட்லண்ட்ஸில். பல்கலைக்கழகம் கெண்ட் ரிட்ஜில். பீஷானில் ரயில் மாறி, இறங்கி, வளாகப் பேருந்தும் ஏறி வகுப்புக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். போக வர இரண்டரை மணி நேரம். வாரத்துக்கு 5 நாள். ஒரு பருவத்தில் 13 வாரப் பாடம். பெருக்கிப் பார்த்தால் 162 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. இரவும் பகலும் சேர்த்து ஏறக்குறைய ஏழு நாள் வழியிலேயே கழிந்திருக்கிறது! தினமும் கடைக் கணக்குப் பார்க்கும் நமக்கு இந்தக் கணக்கைப் போடத் தோன்றவில்லை.

மாணவர்கள் சேர்ந்து செய்யும் பாட வேலைக்கு இரவு எட்டு மணிக்குத்தான் கூடுவார்களாம். ஓரிரவு பதினொன்றரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் அவளுக்காகக் காத்து நின்றோம். வந்தவள், "அத்தா, வீட்டில் இருக்கிறேன் என்று பேர்தான். தூங்க மட்டும்தான் வீட்டுக்கு வருகிறேன்" என்றாள். அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தில் தவறினாள். அந்தக் குற்றம் நம்முடையது.

இரண்டாம் ஆண்டில் வளாகத்திலேயே அறை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து ஞாயிறு இரவு திரும்புவாள். தவறிய பாடமும் தேறியது. இப்போது அவள் தம்பிக்கு அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மதரஸாவும் தொடக்கப் பள்ளியும் மட்டுமே கண்ட நாம், இம்முறை மகளை உட்கார வைத்துப் பாடம் கேட்டோம். அந்தப் பாடம் வருமாறு:

முதலாவது, விடுதிகள் எல்லாம் ஒரே வகையல்ல. ஹால் என்பது ஒரு வகை. ராஃபிள்ஸ் ஹால், நாட்டின் இரண்டாவது அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் பெயரைத் தாங்கிய ஷியர்ஸ் ஹால் முதலியவை இதில் சேரும். அங்கே விளையாட்டு, நாடகம், இசை என்று மாலையெல்லாம் கலகலப்பாக இருக்கும். அவற்றில் பங்கெடுப்பவர்களுக்கே அடுத்த ஆண்டும் இடம் கிடைப்பது எளிது. கலகலப்பாகப் பழகும் பிள்ளைக்கு இது நல்லது. மாலையில் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டிய பிள்ளைக்கு இது பாரமாகலாம்.

உறைவிடக் கல்லூரி இரண்டாம் வகை. 2011-ல் தொடங்கிய யூனிவர்சிட்டி டவுனில் உள்ள தெம்பூசு கல்லூரி இதற்கு உதாரணம். தங்கும் இடத்திலேயே சிறு வகுப்புகளும் நடக்கும். அவை பட்டப்படிப்புக் கணக்கிலும் சேரும். வழக்கமாக இரண்டு ஆண்டுத் திட்டம் இது. வாதித்துப் பேசவும் எழுதவும் விரும்பும் பிள்ளைக்கு ஏற்றது.

மூன்றாம் வகை, அறையும் பொதுச் சமையலறையும் மட்டும் உள்ள மாணவர் குடியிருப்பு. கட்டுப்பாடு குறைவு. தானே எழுந்து, தானே சமைத்து, தானே படிக்கும் பிள்ளைக்குச் சரி. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை ஒதுங்கியே போய்விடவும் கூடும்.

இரண்டாவது, சாப்பாடு. ஹாலிலும் உறைவிடக் கல்லூரியிலும் காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டும். உண்டாலும் உண்ணாவிட்டாலும் அது திரும்பாது. ஆகவே ஹலால் உணவு எப்படிப் பரிமாறுகிறார்கள், எத்தனை மணி வரை கிடைக்கும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இப்போது நோன்பு மாதம் இரண்டாம் பருவம் நடக்கும்போதே வருகிறது. சஹருக்கு என்ன ஏற்பாடு, நோன்பு திறக்கும் நேரத்தில் வகுப்பு இருந்தால் உணவை எடுத்து வைப்பார்களா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அறை. தனி அறையா, இருவர் அறையா? மின்விசிறியா, குளிர்சாதனமா? குளியலறை எத்தனை பேருக்குப் பொது? ஆண்களுக்கும் பெண்களுக்கும் மாடிகளை எப்படிப் பிரித்திருக்கிறார்கள்? பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. தக்க பதில் கிடைக்கும். இருவர் அறையென்றால், சுபுஹுக்கு எழும் வழக்கத்தை அறைத் தோழரிடம் முதல் நாளே பணிவாகச் சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

நான்காவது, செலவு. ஹால் கட்டணத்தில் சாப்பாடும் சேர்ந்திருக்கும். வெறும் அறையின் வாடகையில் சேராது. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு, "இது மலிவு" என்று முடிவு செய்வது, உமியோடு உள்ள நெல்லையும் தீட்டிய அரிசியையும் ஒரே விலையில் எடை போடுவது போலாகும். வாடகையோடு மூன்று வேளைச் சாப்பாட்டையும் கூட்டிப் பாருங்கள். விடுமுறையில் அறையைக் காலி செய்ய வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

ஐந்தாவது, தூரம். கெண்ட் ரிட்ஜ் மேடும் பள்ளமுமான இடம். வளாகப் பேருந்து இலவசந்தான். ஆனால் காலையில் நெரிசல். ஒரு வேலை நாள் காலையில் பிள்ளையோடு போய், விடுதியிலிருந்து அவன் படிக்கும் துறை வரை நடந்தே பாருங்கள்.

எல்லாரும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கிளமெண்டியில் வீடிருப்பவருக்கு அது வீண் செலவாகலாம். நம் மகளுக்கு அவசியமாக இருந்தது. நாம்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதியிலும் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குத் தனி மனு உண்டு. கடைசி நாளும் உண்டு. தகப்பன் விசாரிக்கட்டும், தாய் யோசனை சொல்லட்டும். தங்கப் போகிற பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நம் மகன் மூன்று விடுதிகளை நேரில் பார்த்துவிட்டு ஓர் ஹாலுக்கு மனுப் போட்டிருக்கிறான். மனுவை அனுப்புமுன் அவன் நம்மிடம் காட்டினான். நாம் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் நற்கல்வியையும் நற்சுகத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.