இயங்குதளம் மாறும்போது பழைய மென்பொருள் என்னாகும்?

கர்நாடகமும் ஆந்திரமும் தமிழகத்தோடு கூடும் எல்லைப்புறத்தில், மாந்தோப்புகளும் கேழ்வரகுக் கொல்லைகளும் சூழ அமைந்துள்ளது வேப்பனப்பள்ளி வட்டாரம். இங்குள்ள பஞ்சாயத்து அலுவலகங்களிலும் உழவர் இல்லங்கள் சிலவற்றிலும் இன்று கணிப்பொறி இடம்பெற்றுவிட்டது. தீர்மானம் எழுதவும், வரவு செலவு காட்டவும், மனு அனுப்பவும் அது உதவுகிறது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. ஆதரவு நின்றபின் பாதுகாப்புத் திருத்தங்கள் முன்போல் வாரா. ஆதலின் புதிய தளத்திற்கு மாறுவது அவசியமாகிறது. அப்பொழுது ஓர் ஐயம் எழுகிறது. பல ஆண்டுகளாக நாம் காசின்றிப் பெற்று உபயோகித்துவரும் பழைய மென்பொருள்கள் புதிய தளத்திலும் வேலை செய்யுமா? இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எவை செய்யும், எவை செய்யா என்பதையும், எதை முதலில் காக்கவேண்டும் என்பதையும் இங்கு ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது யாது?

முன்பு ஒரு கிராமத்தில் பட்டா வேண்டுவோரும், சான்று வேண்டுவோரும் கிராம நிர்வாக அலுவலரிடம் மனுச் செய்துவந்தனர். அதுபோலவே கணிப்பொறியிலுள்ள ஒவ்வொரு மென்பொருளும் இயங்குதளத்திடம் மனுச் செய்கிறது. 'இதை அச்சிடுக', 'இக்கோப்பைத் திறக்க' என்று அது கேட்க, இயங்குதளம் கருவிகளைக் கொண்டு அதை முடித்துத் தருகிறது. தளம் மாறுவது புதிய அலுவலர் புதிய படிவங்களோடு வருவதை ஒக்கும். பழைய படிவத்தில் எழுதிய மனுக்களில் சில ஏற்கப்படும், சில திருப்பப்படும்.

எவை வேலை செய்யும்?

மென்பொருள்கள் 16 பிட், 32 பிட், 64 பிட் என வளர்ந்துவந்துள்ளன. இந்த எண் கணிப்பொறி ஒரே வீச்சில் கையாளும் தகவலின் அளவைக் குறிக்கும். விண்டோஸ் 11 தளம் 64 பிட் வகையில் மட்டுமே வருகிறது. அதில் 32 பிட் மென்பொருள்கள் பெரும்பாலும் தடையின்றி இயங்கும். 1990ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் எழுதப்பட்ட 16 பிட் மென்பொருள்களோ நேரடியாக இயங்கா. சில பழைய மென்பொருள்களைப் 'பொருந்து நிலை' என்னும் வசதியின்கீழ், பழைய தளத்தில் இருப்பதாகவே எண்ணச் செய்து இயக்கலாம்.

அச்சுப்பொறி, வருடி, மின் கையொப்பச் சாவி ஆகியவற்றின் விஷயம் வேறு. இவற்றை இயக்கும் சிறு மென்பொருளுக்கு இயக்கி என்று பெயர். 64 பிட் தளத்திற்கு 64 பிட் இயக்கியே வேண்டும். அதனை உற்பத்தியாளர் வெளியிடாவிடில், நல்ல நிலையிலுள்ள அச்சுப்பொறியும் பயனற்றுப் போகலாம். 2020 ஏப்ரல் 24 ஆம் நாள் தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் போன்ற கணக்கு முறைகள் இணைய உலாவியின் வழி நடப்பதால், தளமாற்றம் அவற்றை அதிகம் பாதிப்பதில்லை. எனினும் பணம் வழங்கக் கையொப்பமிடும் சாவிக்கு இயக்கி இல்லையேல், அவ்வேலை அன்றே நின்றுவிடும்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

காசின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சில விலையின்றிக் கிடைப்பினும் அவற்றின் மூலநிரல் ஆக்கியோரிடமே இருக்கும். அவர் அதனைக் கைவிட்டால் பிறர் எவரும் திருத்த இயலாது. வேறு சில, மூலநிரலோடு வழங்கப்பட்டு, யாவரும் பயிலவும் திருத்தவும் பகிரவும் உரிமை பெற்றவை. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் இவ்வுரிமையை வலியுறுத்திற்று. இவற்றையே கட்டற்ற மென்பொருள் என்கிறோம். முன்னது ஒருவர் கொடுத்த ஒட்டுமாங்கனி. பின்னது ஒட்டுக் கட்டும் முறையோடு கொடுத்த கன்று.

இவ்வேற்றுமையின் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஓப்பன் ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளை நடத்திய சன் நிறுவனம் 2010 தொடக்கத்தில் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. அதன் எதிர்காலம் குறித்துக் கவலையுற்ற ஆர்வலர்கள் அவ்வாண்டு செப்டம்பரில் அதே மூலநிரலைக் கொண்டு லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். இன்று அது விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குகிறது. பழைய வேர்டு கோப்புகளையும் திறக்கிறது.

தமிழக அரசும் இவ்வழியை நாடியதுண்டு. 2014 ஏப்ரல் 8 ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி தளத்தின் ஆதரவு முடிந்தபோது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற தளத்தை அரசு தன் அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணிப்பொறிகளுக்கு லினக்ஸ் இன்றும் நல்ல வழியே. ஆனால் விண்டோஸுக்கென எழுதிய மென்பொருள்கள் லினக்ஸில் நேராக இயங்கா என்பதை மறத்தலாகாது.

எழுத்தே முதற் சொத்து

மென்பொருள் போனால் வேறொன்று தேடலாம். அதில் எழுதி வைத்த தீர்மானமும் கணக்கும் போனால் மீட்பது அரிது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. புதிய கணிப்பொறியில் அவ்வெழுத்துரு இல்லையாயின், கிராம சபைத் தீர்மானம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் நுடி மென்பொருளால் எழுதிய பழைய கோப்புகளுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

இதற்குத் தீர்வு ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் இம்முறையைத் தமிழக அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வழக்கிற்கு வந்தபோது, அணாக் கணக்கில் எழுதிய பேரேடுகளை எவரும் எறிந்துவிடவில்லை. மாற்று அட்டவணை கொண்டு புதிய கணக்கிற்குக் கொணர்ந்தனர். அவ்வாறே பழைய எழுத்துருக் கோப்புகளையும் எழுத்து மாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்குக் கொணர்தல் வேண்டும்.

மாற்றுமுன் செய்யவேண்டியவை

1. கணிப்பொறியிலுள்ள மென்பொருள்கள், எழுத்துருக்கள், கருவிகள் ஆகியவற்றின் பட்டியலை ஒரு தாளில் எழுதுக.

2. கோப்புகள் அனைத்தையும் இரண்டு தனி வட்டுகளில் நகலெடுத்து, ஒன்றை வேறிடத்தில் வைக்க. பழைய எழுத்துருக்களையும் மென்பொருள்களின் நிறுவற் கோப்புகளையும் அவற்றோடு சேர்த்துக்கொள்க.

3. பழைய தளம் இயங்கும்போதே கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்க்க. முக்கியத் தீர்மானங்களை பி.டி.எஃப். வடிவிலும் சேமித்து, அச்சிட்டும் வைக்க.

4. அச்சுப்பொறிக்கும் கையொப்பச் சாவிக்கும் புதிய இயக்கி உண்டா என்று உற்பத்தியாளரின் தளத்தில் முன்கூட்டியே பார்க்க.

5. ஒன்றுக்கு மேற்பட்ட கணிப்பொறி இருப்பின், முதலில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு மாதக் கணக்கை அதில் எழுதிப் பார்த்தபின் மற்றவற்றை மாற்றுக.

6. மென்பொருளை ஆக்கியோரின் தளத்திலிருந்தே இறக்குக. கண்ட இடத்தில் 'இலவசம்' எனக் கிடைப்பவை கேடு விளைக்கும் நிரல்களையும் உடன் கொணரக்கூடும்.

விதைக்குமுன் முளைப்புத் திறனைச் சோதிப்பது உழவர் அறிந்த வழக்கம். கணிப்பொறியிலும் அதுவே முறை. சோதித்தபின் மாற்றினால் பழையவற்றுள் பயனுள்ளவை நிலைக்கும். நிலைக்காதவற்றுக்கு மாற்றுத் தேட அவகாசமும் கிடைக்கும். ஊரின் தீர்மானமும் கணக்கும் நமக்குப்பின் வருவோருக்கும் உரியவை. எத்தளம் வந்தாலும் அவர்கள் அவற்றைப் படிக்கத்தக்க வடிவில் வைத்தல் பஞ்சாயத்துப் பணியில் உள்ளோர் ஒவ்வொருவரின் கடமையாகும்.