லாரி வாடகைக்கு எடுக்கும் முன்...

கேள்வி: எண்ணூர் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்ப ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியைப் பேசியிருக்கிறோம். நம்பகமானதா என எப்படிப் பார்ப்பது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: பேரம் பேசும்போதே இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி கம்பெனி பெற்ற பதிவுச் சான்று. இரண்டு, வரப்போகும் வண்டியின் பதிவு எண்.

அமெரிக்காவில் கம்பெனியின் எண்ணைப் போட்டாலே அதன் விபத்து, சோதனை விவரங்கள் வந்துவிடும். இங்கே வண்டி எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை செல்லும் என்று தெரியும். எட்டு வயது வரையிலான வண்டிக்கு எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் ஆண்டுதோறும். இ-சலான் பக்கத்தில் நிலுவை அபராதங்களையும் பாருங்கள். அதிக பாரம், அதிவேகம் என்று ஒரே குற்றம் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வண்டி வேண்டாம். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

வண்டி வாசலுக்கு வந்ததும் நீங்களே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். டயர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா? கன்டெய்னரின் நான்கு மூலைகளிலும் லாக் முழுதாகத் திரும்பியிருக்கிறதா? ஒரு லாக் விட்டிருந்தாலும் வளைவில் பெட்டி சரியலாம். டிரைவரிடம் கனரக உரிமத்தைக் கேளுங்கள், எப்போது தூங்கினார் என்றும் கேளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் அந்த டிரெய்லருக்குப் பக்கத்தில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.