அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

ஒடிசா ஊழியத்துக்கான பயிற்சி மையத்தில் உன் அப்பா அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ சொன்னபடி அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வரவில்லை. வாருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். போனில் பேசினால் நீ முதல் நிமிஷமே அழ ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

முதலில் உடம்பைப் பற்றி. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது. பொன்மலையில் இருந்தபோதும் வலித்தது. அப்பா சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறார். சாப்பாடு சுமார்தான். ஆனால் கெடுதல் இல்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கிறார்கள். தனி ஜெபம், கூட்டு ஜெபம், வேதபாடம், கஞ்சி, பிறகு ஒடியா வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் ஆளுக்கொரு வேலை. கூடப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டிய பிள்ளைகள். உன் அப்பா அம்மா வயதில் இன்னும் ஒரே ஒரு ஜோடிதான். நான் போய்ச் சேர்ந்தபோது உன் அப்பா பின்கட்டில் சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தெரியவில்லை அவருக்கு. பக்கத்தில் ஒரு பையன் நின்றுகொண்டு, அடியில் கரி போகவில்லை ஐயா என்று விரலால் தொட்டுக் காட்டினான். பையனுக்கு உன் வயதுகூட இருக்காது. அவன்தான் அவர்களுக்கு வாத்தியார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக இருந்து, அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடிப்பதையே உத்தியோகமாகப் பார்த்த மனிதர், ஒன்றும் பேசாமல் மறுபடி நாரை எடுத்தார்.

அவமானப்படுத்துகிறார்கள் என்று நீ சொன்னது இதைத்தான் என்று புரிந்தது. ஆனால் அண்டா அவரை ஒன்றும் செய்துவிடவில்லை. அவர் முகம் சுண்டிப்போனது மறுநாள் காலை, ஒடியா வகுப்பில். அந்த எழுத்தெல்லாம் தலைக்குமேல் குடை பிடித்ததுபோல் வளைந்திருக்கிறது. பனையோலையில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால் வளைத்துவிட்டார்கள் என்பார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது, அப்பாவுக்கும் அப்படியே. உன் அம்மா மட்டும் கையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொல்கிறாள். அத்தனை வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ எழுதப் போட்டவள் அல்லவா, எழுத்தைப் பிடிக்கும் சூட்சுமம் அவளுக்குத் தெரிகிறது. அப்பா அவளுடைய நோட்டை எட்டிப் பார்த்துக் காப்பியடிக்கிறார். சத்தியமாக!

அவர் உனக்குப் போன் போட்டு, அம்மாவால் முடியவில்லை, அவளுக்காகத்தான் திரும்பிவிடலாமா என்று பார்க்கிறேன் என்றாரே, அது இந்த வகுப்பு முடிந்த பிறகுதான் இருக்க வேண்டும். இத்தனை காலம் வீட்டில் அவர் ராஜ்யம் வேறு, அவள் ராஜ்யம் வேறு. இப்போதுதான் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அறியாப்பிள்ளை வாத்தியாரிடம் திட்டு வாங்கிவிடலாம். பெண்டாட்டி பார்க்க வாங்குவது கஷ்டம். முதல் சில நாள் பயிற்சி என்பதே இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் கால அட்டவணை.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு இதில் ஆச்சரியம் கிடையாது. கூரத்தாழ்வானைப் பற்றி உனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறேன். எங்கள் கோயிலில் அவருக்குத் தனிச் சன்னிதியே உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பெரும் செல்வர். ராமாநுஜர் பிறந்தது 1017. கூரத்தாழ்வான் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பது சம்பிரதாயக் கணக்கு. அந்த மூத்தவர்தான் சொத்தெல்லாம் விட்டுவிட்டு, மனைவி ஆண்டாளோடு, இளைய குருவைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு நடந்து வந்தார். மதுராந்தகத்துப் பக்கம் காட்டு வழியில் ஆண்டாளுக்குப் பயம் வந்துவிட்டது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால், அவர் சாப்பிடுகிற தங்க வட்டில். வாங்கித் தூர எறிந்துவிட்டு நடந்தாராம்.

உபந்நியாசகர்கள் இந்த இடத்தில் ஆழ்வானுடைய வைராக்கியத்தை அரை மணி நேரம் பேசுவார்கள். எனக்கு ஆண்டாளின் மடிதான் கண்ணில் நிற்கும். தனக்கென்று எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை; போகிற இடத்தில் இந்த மனுஷர் எதில் சாப்பிடுவார் என்ற கவலை அவளுக்கு. உன் அம்மாவின் பெட்டியில் பித்தளை காபி ஃபில்டர் இருக்கிறது. அங்கே டீ மட்டும்தான். அப்பாவுக்குக் காலையில் காபி இல்லாமல் தலைவலி வருமே என்று கொண்டுபோனாளாம். இதுவரை வெளியே எடுக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. அவள் பாடு அது, நாம் தலையிட வேண்டாம்.

ஆழ்வான் கீதையின் சரம சுலோகத்தின் பொருளைக் கேட்டபோது, ஒரு வருஷம் பணிவிடை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதம் உபவாசம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை சொன்னார்கள். ஒரு வருஷம் உயிரோடு இருப்போம் என்று யார் கண்டது என்று அவர் உபவாசத்தைப் பிடித்துக்கொண்டார். முதலியாண்டான் கதை இன்னும் பொருத்தம். ராமாநுஜருக்கு மருமகன் முறை, பெரிய படிப்பாளி. ராமாநுஜரின் குரு பெரிய நம்பியின் மகள் அத்துழாய் புகுந்த வீட்டில் தண்ணீர் எடுக்கத் துணை இல்லாமல் திண்டாடினாள். மாமியார், உன் வீட்டுச் சீதனமாக ஓர் ஆளைக் கொண்டுவா என்று குத்திக் காட்டினாள். ராமாநுஜர் அனுப்பியது முதலியாண்டானை. அந்த மனிதர் அந்த வீட்டில் தண்ணீர் சுமந்தார், சமையல் வேலை பார்த்தார். சாம்பார் அண்டா பெரிய விஷயமே இல்லை, பாப்பா.

உறையூரில் மல்லனாக இருந்த உறங்காவில்லி தாசரும் பொன்னாச்சியும் அப்படித்தான் புருஷனும் பெண்டாட்டியுமாக ராமாநுஜரிடம் வந்தார்கள். வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, அவள் கண்ணையே பார்த்தபடி நடந்தவர் தாசர். ஒரு நாள் சீடர்களின் மனசைச் சோதிக்க வேண்டி, தூங்குகிற பொன்னாச்சியின் நகையைக் கழற்றிவரச் சொல்லிச் சிலரை ராமாநுஜர் அனுப்பினார். ஒரு பக்கத்து நகையைக் கழற்றினார்கள். விழித்திருந்த அவள், மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தாள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். தாசர் வந்து அவளைத்தான் கடிந்துகொண்டார்: நான் கொடுக்கிறேன் என்ற நினைப்பு உனக்கு எதற்கு, அசையாமல் கிடந்திருக்க வேண்டியதுதானே என்று. பெரியவர்கள் தாசரைக் கொண்டாடுவார்கள். நான் பொன்னாச்சி கட்சி. பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குத் தன்னைவிடச் சீக்கிரம் பாடம் ஏறிவிட்டால் புருஷனுக்கு ஏதாவது குறை சொல்லத் தோன்றும். உன் அப்பாவுக்கு இப்போது தோன்றுகிற மாதிரி.

உங்கள் பக்கத்திலும் இதற்கு முன்னோடி இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க், வயதான தமிழ் வாத்தியார் ஒருவரின் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். திருச்சித் தெப்பக்குளத்துப் பக்கம் 1766இல் எழும்பிய கிறிஸ்து ஆலயத்தைக் கட்டிய ஸ்வார்ட்ஸும் தமிழை அடியிலிருந்து படித்தவர்தான். அவர்களெல்லாம் வாலிபத்தில் படித்தார்கள், சரி. ஓய்வுபெற்ற பிறகு போகிறவர்களும் உலகத்தில் நிறையப் பேர். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பிரோவோவில் மார்மன் சபைக்கு ஒரு பயிற்சி மையம் உண்டு. பேரன் பேத்தி எடுத்த தம்பதிகள் சொந்தச் செலவில் ஊழியத்துக்குக் கிளம்புமுன் ஒரு வாரம்போல் அங்கே போய்ப் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஏகநாத் ரானடே 1972இல் கன்னியாகுமரியில் தொடங்கிய விவேகானந்த கேந்திரம், ஓய்வுபெற்றவர்களை வானப்பிரஸ்தத் தொண்டர்களாக எடுத்துக்கொள்கிறது. உன் பெற்றோருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உன் சித்தப்பா சொன்னால், இதையெல்லாம் சொல்லு.

இனி நீ செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை போனில், சாப்பிட்டீங்களா, கஷ்டமா இருக்கா, நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா என்று வரிசையாகக் கேட்கிறாய். நீ அப்படிக் கேட்கிற ஒவ்வொரு முறையும் அவர் மறுபடி பொன்மலை இன்ஜினியராகிவிடுகிறார். அவர் அதைக் கழற்றி வைக்கத்தான் அங்கே போயிருக்கிறார். மையத்து நிர்வாகிக்குப் போன் போட்டு, எங்கப்பா யார் தெரியுமா என்று கேட்பதை அடியோடு நிறுத்து. அம்மா எப்படிப் படிக்கிறாள் என்று அப்பாவிடமோ, அப்பா எப்படிப் படிக்கிறார் என்று அம்மாவிடமோ கேட்கவே கேட்காதே. இரண்டு ஒடியா வார்த்தை உனக்குச் சொல்லித்தரச் சொல். அப்பா தப்பாகச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லு. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் அவர்களைத் தியாகிகளாக்கிப் படம் போடுவதும் வேண்டாம். இன்று தியாகி என்று எழுதிவிட்டால், நாளைக்கு முடியவில்லை என்று திரும்பி வர அவர்களுக்கு வெட்கமாகிவிடும்.

உன் பயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஒடிசா என்றதும் உனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று தெரியும். 1999 ஜனவரியில் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் வண்டிக்குள்ளேயே வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்ததாகச் சொல்லி, 2004 வரை அங்கேயே இருந்து தொழுநோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். 2005இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த முடியாது. உன் பயம் நியாயம். மதமாற்றத்துக்கு எதிராக 1967லேயே சட்டம் போட்ட மாநிலம் அது. ஒருவரை மதம் மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதை உன் அப்பாவிடம் எத்தனையோ தடவை நேராகவே சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே எனக்குக் கேக் கொடுத்திருக்கிறார். பழங்குடிப் பிள்ளைகள் விடுதியில் சமையலும் படிப்பும் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுடைய வேலை என்கிறார்கள். அந்த விடுதி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை தூரம், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கு. அது மகளுக்கு உள்ள உரிமை. அழுகையைவிட அதற்குத்தான் அங்கே பதில் கிடைக்கும்.

பணக் காரியம் கொஞ்சம் இருக்கிறது. நவம்பரில் அப்பா பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே இப்போது முடித்துவிடலாம், பயிற்சியில் இருக்கும்போதே அதைச் சொல்லிக்கொடு. ரயில்வே ஆஸ்பத்திரிக்கான உமீத் அட்டையை இரண்டு பேரும் கையிலேயே வைத்திருக்கட்டும். வீட்டு வரி, மின்கட்டணம் எல்லாம் உன் போனுக்கு மாற்றிக்கொள். வீட்டை வாடகைக்கு மட்டும் ஒரு வருஷம் விடாதே. மாசம் பத்துப் பன்னிரண்டாயிரம் நஷ்டம்தான், தெரியும். ஆனால் ஆறு மாசத்தில் முடியவில்லை என்று தோன்றினால், யாரையும் காலி செய்யச் சொல்லாமல், யாரிடமும் காரணம் சொல்லாமல், தங்கள் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். சாவி என்னிடம் இருக்கட்டும். வாரம் ஒரு தடவை போய் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வருகிறேன்; சந்தைக்குப் போகிற சாக்கும் ஆயிற்று.

பயிற்சி முடிந்து அர்ப்பண ஆராதனை நடக்கும்போது நீ லீவு போட்டு வா. அதுவரை அந்தப் பக்கம் போகாதே. நானும் வருகிறேன், உங்கள் கோயிலில் கடைசி வரிசை எனக்குப் பழக்கம். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி ஒன்று வாங்கிவிடு. பழையதில் ஒடியா எழுத்தின் உள்சுழி தெரியவில்லை என்கிறார். பாதி நிஜம், பாதி சாக்கு. பிறகு திருச்சியிலிருந்து ஹவுரா வண்டியிலேயே அவர்களை ஒடிசாவுக்கு ஏற்றிவிடலாம். டிக்கெட்டுக்குக் கவலைப்படாதே, அப்பாவிடம் ஓய்வுபெற்றவர்களுக்கான ரயில்வே பாஸ் இருக்கிறது. அந்த ஒன்றையாவது டி.டி.ஆரிடம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்து மாமா